நாற்பது பொம்மை மீன்

கிட்ட வந்து உட்காருங்கள், இது கூவிச் சொல்கிற கதை இல்லை.

அல்லியேரியில் பரிசல் ஓட்டிப் பிழைத்தவள் மாதி. ஏரியைக் குத்தகைக்கு எடுத்த தூண்டில் சங்கத் தலைவர் சிங்காரவடிவேல், ஒருநாள் விடிந்ததிலிருந்து அவள் பரிசலில் இருந்து தூண்டில் வீசினார். அவர் பெட்டியில், இரைக்குப் பதிலாக மாட்ட நாற்பது பொம்மை மீன். ஒவ்வொன்றின் வயிற்றிலும் வாலிலும் கொத்துக் கொத்தாக முள். அத்தனையும் அல்லிக்கொடியைத்தான் பிடித்தன.

கரையில் சங்கத்தார் சிரிக்கவே, அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“உன் பரிசலே ராசி கெட்டது. நாளையிலிருந்து இறக்காதே!”

“என் அடுப்பே இதுலதான் எரியுது ஐயா. நான் ஒரு வீச்சு வீசிப் பாக்கட்டா?”

“வீசு. என் பெட்டிக்குள்ளே இருக்கிறதைத்தான் மாட்டணும். புழு, தவளை கூடாது. விரால் விழுந்தா ஆயுசுக்கும் நீயே ஓட்டு. விழாட்டி பரிசலைக் கொளுத்திருவேன்.”

மாதி பெட்டியைக் கிளறினாள். “எல்லாம் நல்லாத்தான் மின்னுது. கடையிலேயே ஐயாவைப் பிடிச்சிருச்சு!”

அடியில், பொம்மைகளைத் துடைக்கிற பச்சைத் துணியும் உதிரியாக ஓர் ஒற்றை முள்ளும் கிடந்தன. துணியை அந்த முள்ளில் சுற்றி, கொடியில் சிக்காதபடி முனையை உள்ளே மறைத்து, இலைகள்மேல் தத்தித் தத்தி இழுத்தாள். தவளையென்று நம்பித் ‘தொபுக்’கென்று பாய்ந்து கவ்வியது, ஒரு கை நீள விரால்.

“ஏய், அது அழுக்குத் துணி!”

“உங்க பெட்டியிலதானே ஐயா இருந்துச்சு?”

கரையே கைதட்டியது. மாதி துணியை அலசிப் பிழிந்தாள். பெட்டியின் நடு அறையிலிருந்த தங்கநிறப் பொம்மையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் துணியைப் பதவிசாக மடித்து வைத்தாள்.