படைத்தவனை ஆமை கூப்பிட்ட பெயர்

அந்தக் காலத்தில் கிரேக்க நாட்டில் எல்லா உயிரும் பேசும். தேவைக்கு மேலேயே பேசும். ஆமைக்கு மட்டும் அதற்கு நேரமில்லை, ஒளிந்துகொள்வதே பிழைப்பாக இருந்தது. அப்போது அதற்கு ஓடு கிடையாது. வெறும் சதை.

“வாடி, தோலுரித்த அத்திப்பழமே!” என்று நரி தினமும் சப்புக்கொட்டும்.

இப்படியே போனால் இன்னும் இரண்டு நாள் தாங்காது.

படைத்தவன் மலைமேல் வேலையாக இருந்தான். கேட்டால் தருவான். ஆனால் திரும்பிப் பார்த்தால்தானே? சிங்கம், “அண்டத்தின் அரசே!” என்றது. ம்ஹூம். அன்னம், “அழகின் பெருங்கடலே!” என்றது. அதுவும் முதுகைத்தான் பார்த்தது.

ஆமையும் கிளம்பியது. போகிற வழியில் நரிக்குப் பயந்து ஒரு குயவன் வீட்டு வேலியடியில் பதுங்கியது. குயவன் லிகோன் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தான். தெருவிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

“ஊர்வேலைக்காரரே! எண்ணெய்ச் சாடி உடைஞ்சு போச்சு!”

லிகோன் எழுந்துவிட்டான்.

“வாயில இருக்கிறதை முழுங்கிட்டாவது போங்களேன்,” என்றாள் மனைவி.

“அப்படிக் கூப்பிட்ட பிறகு உட்காரலாமா? ஊர் வழக்கம் தெரியாதா உனக்கு?”

போயே போய்விட்டான்.

ஆமை அதைப் பார்த்துக்கொண்டது. மலையேறியது. பாதி வழியில் நரி மோப்பம் பிடித்துப் பின்தொடர்ந்தது. உச்சியில், நரியின் மூச்சு முதுகில் சுட்டபோது, ஆமை கத்தியது.

“ஊர்வேலைக்காரரே! என் முதுகு!”

படைத்தவன் சட்டென்று திரும்பினான். முழங்கை வரை களிமண். கையில் அப்போதுதான் வனைந்த கிண்ணம். அதை அப்படியே ஆமையின்மேல் கவிழ்த்தான். பட்டதும் அது கல்லாய் இறுகியது. நரி கடித்தது. பல் போனதுதான் மிச்சம்.

“படைத்தவனை வேலைக்காரன் என்பதா!” என்று சிங்கம் உறுமியது.

“நீங்கள் புகழ்ந்தீர்கள். இவள்தான் கூப்பிட்டாள்,” என்றான் படைத்தவன்.

“கனக்கிறதே, ஐயா,” என்றது ஆமை.

“பழகிவிடும். போ.”

அன்று முதல்தான் கிரேக்கர்கள் படைத்தவனை ‘தேமியூர்கொஸ்’, அதாவது ஊருக்கு வேலை செய்பவன், என்றார்கள். கூப்பிட்டால் ‘தேமியூர்கெ’. அவனுடையது என்றால் ‘தேமியூர்கூ’. அவனுக்கு என்றால் ‘தேமியூர்கோ’. உழைப்பவனின் பெயர் அல்லவா, அதுவும் ஓரிடத்தில் சும்மா நிற்பதில்லை.