தவிட்டான் போட்ட கீச்

குருக்கத்திக் காட்டின் ஓரத்தில் ஒரு வாய்க்கால் ஓடியது. அதன் குறுக்கே ஒரு பனைமரம் சாய்ந்து கிடந்தது. அதன் வேரடியில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் வீடு இல்லை.

ஐப்பசியில் வந்த வெள்ளம் செய்த வேலை அது. மூன்றே நாள்தான் இருந்தது. போகும்போது வயலெலி தவிட்டானின் வளையைக் கொண்டு போனது. அணில் மூணுகோட்டின் கூட்டைக் கொண்டு போனது. முள்ளெலி சீப்பனின் புதரைக் கொண்டு போனது. தவளை தொந்தியப்பனின் குட்டையை மண் போட்டு மூடியது. மரங்கொத்தி செங்கொண்டையின் வீடு அந்தப் பனைமரத்தில்தான் இருந்தது. அது இப்போது படுத்துவிட்டது!

கரை மேட்டில் ஒரு பெருச்சாளிக்கு மட்டும் வளை தப்பியது. அதற்கு வந்த திமிரைக் கேட்கவா வேண்டும்?

"நகரு! நகரு! என் வாசல்ல படுக்காதே!" என்று தவிட்டானைத் தினமும் விரட்டியது.

தவிட்டானும் நகர்வான். இன்று கல்லடியில், நாளை சருகடியில். நகர்ந்து நகர்ந்து, பேசுவதையே விட்டுவிட்டான். பெயர் கேட்டால்கூடச் சொல்வதில்லை.

ஒருநாள் செங்கொண்டை பனைமரத்தில் டொக் டொக்கென்று தட்டினாள்.

"சும்மா உட்கார்ந்து ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் எவ்வளவு நாள் பாக்கறது? எல்லாருமா சேர்ந்து பாடுவோம்!"

பெருச்சாளி வளைக்குள்ளிருந்து சிரித்தது. "பாடினா வளை முளைக்குமா?"

"முளைக்காது. ஆனா நீ 'நகரு நகரு'ன்னு கத்தறது எங்க காதுல விழாது!"

தவிட்டான் மெல்ல நழுவப் பார்த்தான். செங்கொண்டை விடவில்லை.

"நீ எங்க போறே?"

"எனக்குக் குரலே இல்லையே, அக்கா."

"என்னதான் இருக்கு?"

"கீச்சுன்னு ஒண்ணு இருக்கு."

"அது போதும்! ஒவ்வொரு அடி முடிஞ்சதும் ஒரு கீச் போடு. அதைக் கேட்டுத்தான் மூணுகோடு அடுத்த அடி எடுப்பான்."

இன்னொரு விதியும் போட்டாள். "எல்லாரும் ஒரே நேரத்துல மூச்சு வாங்கக் கூடாது. ஒருத்தர் வாங்கும்போது மத்தவங்க இழுத்துப் பிடிக்கணும். பாட்டு அறுந்து போகக் கூடாது!"

பாட்டையும் அவர்களே கட்டினார்கள்.

"வெள்ளம் வந்தது, வீட்டைத் தின்னது..."

"கீச்!"

"வெயிலும் வந்தது, முதுகைத் தின்னது..."

"கீச்!"

முதல் நாள் தவிட்டானின் கீச் அவன் காதுக்கே எட்டவில்லை. இரண்டாம் நாள் சீப்பன் அவனைத் திரும்பிப் பார்த்து, "நல்லாப் போடறியே!" என்றான். மூன்றாம் நாள் தவிட்டான்தான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தான்.

நான்காம் நாள் ஒரு ரசிகை வந்து சேர்ந்தாள். காட்டுப்பூனை மினுக்கி!

அவளைக் கண்டதும் எல்லோரும் பதறி எழுந்தார்கள்.

"பயப்படாதீங்க கண்ணுங்களா! எனக்குப் பல்லெல்லாம் ஆடிப்போச்சு. கஞ்சிதான் குடிக்கிறேன். அக்கரையில உட்கார்ந்து கேட்டுட்டுப் போறேன், அவ்வளவுதான்!"

அக்கரையில்தான் உட்கார்ந்தாள். தலையை ஆட்டினாள். வாலால் தாளம் போட்டாள். பாட்டையா ரசித்தாள்? யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், யார் தனியாக வருகிறார் என்று பார்த்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை தவிட்டான் பாட்டுக்குக் கிளம்பி வரும் வழியில், பொத்தென்று ஒரு பாதம் அவன்மேல் விழுந்தது.

"விடு! விடு!"

"கத்து, நல்லாக் கத்து! யாரு வருவா? நேத்து ஒரு இடம், முந்தாநாள் ஒரு இடம், இன்னைக்கு என் வயிறு! வீடில்லாதவனை யாருடா தேடுவா?"

தவிட்டானுக்கு மூச்சே நின்றுவிட்டது. பயத்தில் பாதி. அவள் சொன்னது நிஜமாக இருக்குமோ என்று மீதி.

மினுக்கி அப்போதுதான் ஒரு மீனை முழுசாக விழுங்கியிருந்தாள். "நீ மத்தியானத்துக்கு இரு" என்று தவிட்டானைப் பக்கத்திலிருந்த இலுப்பை மரப் பொந்துக்குள் தள்ளினாள். ஒரு கல்லை உருட்டி வாயை அடைத்தாள். முகத்தை நக்கித் துடைத்துக்கொண்டு பனைமரத்தின் மேலேறி அக்கரைக்குப் போய் உட்கார்ந்தாள். நாளைக்கு அணிலா, முள்ளெலியா என்று முடிவு செய்ய வேண்டாமா?

பாட்டு தொடங்கியது.

"வெள்ளம் வந்தது, வீட்டைத் தின்னது..."

கீச் வரவில்லை.

மூணுகோடு திறந்த வாயோடு நின்றான். சீப்பன் பக்கத்தில் பார்த்தான். இடம் காலி.

"கீச் எங்கே?" என்றாள் செங்கொண்டை.

"கீச்தானே? விட்டுத்தள்ளுங்க!" என்றாள் மினுக்கி. "இத்துனூண்டு சத்தம். இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? பாடுங்க, பாடுங்க!"

"அதெப்படி? கீச் வராம நான் அடுத்த அடிக்குப் போக முடியாதே!" என்றான் மூணுகோடு.

மறுபடியும் பாடினார்கள். "வெள்ளம் வந்தது, வீட்டைத் தின்னது..."

அந்த இடைவெளியில், இலுப்பை மரத்துப் பக்கமிருந்து, நூலிழை போல ஒரு சத்தம்.

"கீச்!"

பொந்துக்குள் பாட்டுக் கேட்டது தவிட்டானுக்கு. அடி முடிந்ததும் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது!

மினுக்கி சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "என் வயிறு! பசியில கத்துது!"

"கஞ்சி குடிச்ச வயிறு சரியா அடி முடியற இடத்துலயா கத்தும்?" என்று தொந்தியப்பன் முணுமுணுத்தான். செங்கொண்டை அவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பிறகு குரலைத் தேனாக்கினாள்.

"மினுக்கியக்கா, எங்க பையன் வரலை. இன்னைக்கு நீங்கதான் கீச் போடணும்! உங்களை மாதிரி ரசிகை யாரு இருக்கா?"

மினுக்கிக்கு மீசை துடித்தது. "போட்டா போச்சு! மீஈயாச்!"

"அருமை! ஆனா கண்ணை மூடிக்கணும். திறந்தா சுருதி ஓடிப்போயிடும். நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது!"

மினுக்கி கண்ணை இறுக மூடினாள். செங்கொண்டை மற்றவர்களுக்கு இலுப்பை மரத்தை அலகால் காட்டினாள். அந்த ஐந்தாறு அடியும் அவள் வாழ்க்கையிலேயே பெரிய கச்சேரி!

"வெள்ளம் வந்தது..." மூணுகோடு மூச்சு வாங்கினான். மற்றவர்கள் இழுத்துப் பிடித்தார்கள். மூச்சு வாங்கியவன் திரும்ப வரவில்லை. இலுப்பை மரத்துக்கு ஓடினான்.

"வெயிலும் வந்தது..." சீப்பன் மூச்சு வாங்கினான். அவனும் போனான்.

பாட்டு அறுந்ததா? இல்லையே! தொந்தியப்பன் ஒற்றை ஆளாய் இழுத்துப் பிடித்தான். கண் பிதுங்கியது. தொந்தி பூசணிக்காய் போல உப்பியது. செங்கொண்டை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே இருந்தாள். மினுக்கி விடாமல் "மீஈயாச்! மீஈயாச்!" என்றாள்.

அங்கே கல் நகர்ந்தது. தவிட்டான் வெளியே வந்தான்.

"என்னைத் தேடியா வந்தீங்க?" என்றான் நம்பாமல்.

"பின்னே, பாட்டு நின்னு போச்சேடா!" என்றான் மூணுகோடு.

சீப்பன் மட்டும் பொந்துக்குள் நுழைந்து சுருண்டுகொண்டான். "கல்லைப் பழையபடி வைங்க. விருந்தாளி வருவாங்க!"

தொந்தியப்பனுக்குக் கடைசியில் மூச்சு தீர்ந்தது. தொபுக்கென்று தண்ணீருக்குள் விழுந்தான். மினுக்கி கண்ணைத் திறந்தாள். எதிரே ஒருவரும் இல்லை. செங்கொண்டையும் உயரக் கிளைக்குப் பறந்துவிட்டாள்.

"ஐயோ, என் மத்தியானம்!"

பனைமரத்தின் மேல் பாய்ந்து வந்தாள். கல் இருந்தபடியே இருந்தது. "அப்பாடா!" என்று அதைத் தள்ளினாள். இருட்டுப் பொந்துக்குள் கையை விட்டு இறுக்கிப் பிடித்தாள்.

"மியாஆஆஆவ்!"

பாதம் முழுக்க முள். அவள் அலறல் காடு முழுக்க நீண்டு, ஒருவழியாக முடிந்தது. முடிந்த அந்த இடத்தில், சருகுக்குள்ளிருந்து சரியாக ஒரு சத்தம் வந்தது.

"கீச்!"

கீச் கேட்டதும் மூணுகோட்டுக்கு வாய் நிற்குமா? "வெயிலும் வந்தது, முதுகைத் தின்னது!" என்று எடுத்துவிட்டான்.

மினுக்கி மூன்று காலில் நொண்டிக்கொண்டே காட்டைவிட்டு ஓடினாள்.

பாட்டுப் பாடி வளை முளைக்கவில்லைதான். ஆனால் அந்த இலுப்பைப் பொந்து நல்ல பொந்து, வாசலுக்குக் கல் கதவு வேறு. சீப்பனும் தவிட்டானும் அதிலேயே குடியேறினார்கள். மற்றவர்களுக்கு இடம் தேடும் வேலை இன்னும் நடக்கிறது. தேடப் போகும்போதும் பாடிக்கொண்டேதான் போகிறார்கள். இப்போதெல்லாம் பெருச்சாளி "நகரு" என்று கத்துவதில்லை. சாயங்காலமானால் வளை வாசலில் வந்து உட்கார்ந்து, "இன்னைக்குப் பாட்டு இல்லையா?" என்று கேட்கிறது.

வீட்டை இழந்தவர் குரல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அதைத் தங்கள் பாட்டில் சேர்த்துக்கொண்டு, அது கேட்காத அன்று தேடிப் போக நாலு பேர் இருந்தால், அவர் ஒருபோதும் அநாதை ஆகமாட்டார்.