மிச்சமிருந்த ஒரு பாட்டில்

இந்தக் கதைக்கு விடை தெரியவில்லை என்று தலையைச் சொறியக் கூடாது. ஏற்கெனவே இதில் சொறிகிறவர்கள் நிறையப் பேர்.

வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் குடும்பமே ஒரு கம்பளிக்குள் தூங்கும். ஒருவருக்குச் சொறி சிரங்கு வந்தால் வீட்டுக்கே வரும். அதை மருந்து போட வேண்டிய ஒரு நோயாக யாரும் மதிப்பதில்லை. மதித்தவர் டாக்டர் மெகருன்னிசா. பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று ஆராய, ஜீப் போகாத பாதையில் மருந்துப் பெட்டியைத் தானே சுமந்து வந்த மனுஷி.

அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளியில் அறுபத்து நான்கு பிள்ளைகளும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். காரணம் இருந்தது. போன வருடம் ரோஸ்லின் என்ற பெண்ணைச் சிரங்குக்காகத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான்கு மாதம் அவள் பள்ளிப் பக்கமே வரவில்லை.

"யாருக்கு இருக்குன்னு வெளியே தெரியவே தெரியாது. இது என் வாக்கு," என்றார் டாக்டர்.

ஒவ்வொருவராகத் தனி அறைக்கு வந்தார்கள். முதலில் ரோஸ்லின். "தெரிஞ்சா திரும்பவும் நின்னுடுவேன் டாக்டரம்மா," என்று சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டினாள்.

இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு இருந்தது, பதினெட்டு வீடுகள். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து பாதம்வரை மருந்து பூச வேண்டும், கம்பளியைத் துவைக்க வேண்டும். கையிலிருந்த மருந்து பதினெட்டு வீட்டுக்குச் சரியாக இருந்தது. ஒரே ஒரு பாட்டில் மிச்சம். மேற்கொண்டு வர ஒரு மாதமாகும்.

தோட்டத்து நர்ஸ் தனபாக்கியம் யோசித்தார். "மருந்தை நான் கொண்டுபோய்க் குடுத்துடுறேன். மாசாமாசம் எல்லா வீட்டுக்கும் சத்து மாத்திரையோட போறவதானே, யாரும் கேக்க மாட்டாங்க. கம்பளியும் ஞாயித்துக்கிழமை எல்லா வீட்டு வேலியிலயும்தான் காயும். ஆனா இந்த மருந்து வாடை இருக்கே! நாளைக்குக் கொழுந்து நிறுக்கிற எடத்துலயே மோந்து கண்டுபிடிச்சிடுவாங்க."

"நோய் போனாப் போதும் டாக்டர். பேரைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் தலைமையாசிரியர்.

டாக்டர் மிச்சமிருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருந்தையும் அன்றே கொடுத்தார், வாக்கையும் காப்பாற்றினார். எப்படி? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: பள்ளி விடும் நேரத்தில் டாக்டர் அந்தப் பாட்டிலைத் திறந்து, முதலில் தன் முந்தானையில் தேய்த்துக்கொண்டார். அடுத்துத் தலைமையாசிரியரின் சட்டை, பாவம், புதுச்சட்டை. பிறகு அறுபத்து நான்கு பிள்ளைகளின் காலரிலும் ஆளுக்கு ஒரு சொட்டு. சொறி எந்தக் கம்பளி வழியாகப் பரவியதோ அதே கம்பளி வழியாக வாடையும் எல்லா வீட்டுக்கும் பரவியது. மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். யாரைப் பார்த்துப் பொத்துவது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்குதானே என்று அலட்சியமாக விடாத அந்த டாக்டரை எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. திங்கட்கிழமை ரோஸ்லின் பள்ளிக்கு வந்தாள். இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்தாள்.