சத்தம் போடாத தண்டை

முன்னொரு காலத்திலே, மலையடிவார ராஜ்ஜியம் ஒன்றைச் சேந்தன் என்ற ராஜா ஆண்டுவந்தார். அவர் மகள் பொன்மலருக்கு ஒன்றரை வயது. சோற்றை இறைப்பாள், தொப்பென்று விழுவாள், எதைச் சொன்னாலும் "மாத்தேன்!" என்பாள். ஒன்றரை வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும், நீங்களே சொல்லுங்கள்!

ஒருநாள் விருந்தில் அவள் எறிந்த பருப்புச்சோறு பக்கத்து நாட்டு ராஜாவின் மீசையில் ஒட்டிக்கொண்டது. சேந்தன் ராஜாவுக்கு மானம் போய்விட்டதாம்! உடனே கரிவாணன் என்ற மந்திரவாதியைக் கூப்பிட்டனுப்பினார்.

அவன் ஒரு வெள்ளித் தண்டையை நீட்டினான். "இதைக் காலில் மாட்டுங்க மகாராஜா. பிள்ளை இறைக்காது, விழாது, மாட்டேன்னு சொல்லாது."

ராணி அல்லியங்கோதை குளித்துவிட்டு வருவதற்குள் மாட்டியாயிற்று. பிள்ளைக்குத் தண்டை போடுவதே, எந்த மூலைக்கு ஓடுகிறது என்று தாய் காதில் விழத்தானே? இந்தத் தண்டைக்குள் கலகலக்கப் பரலே இல்லை. "சாப்பிடு" என்றால் பிள்ளை வாய் திறந்தது. "தூங்கு" என்றால் கண் மூடியது. ஒன்றும் சொல்லாவிட்டால், வைத்த இடத்தில் பொம்மைபோல் கிடந்தது.

"பாத்தியா, என்ன சமர்த்து!" என்றார் ராஜா.

"சமர்த்தா? அம்மான்னு கூப்பிட மறந்துபோச்சு உங்க பிள்ளை!"

ராணி இழுத்துப் பார்த்தாள். தண்டை அசையவில்லை. நேரே மந்திரவாதியின் குகைக்குப் போனாள். அங்கே ஒரு குடுவைக்குள் பொன்மலரின் சிரிப்பும் அழுகையும் "மாத்தேன்"களும் மின்மினிபோல் முட்டிக்கொண்டிருந்தன. அவற்றை மோந்து மோந்துதான் அவன் கிழவனாகாமல் இருந்தான், பாவி!

"கழற்றுடா!"

"அவளே தன் இஷ்டத்துக்குக் கழற்றணும், தாயே. யாராவது சொல்லிக் கழற்றினா கழலாது. பௌர்ணமி தாண்டினா அத்தனையும் எனக்கே!" என்று சிரித்தான்.

ராணி மாரியம்மன் முன் போய் நின்றாள். "தாயே, இன்னிக்குக் கும்பிட வரல, சண்டை போட வந்திருக்கேன். என் பிள்ளையோட கோபத்தைத் திருப்பிக் கொடு!"

பிறகு எல்லாவற்றையும் பழையபடியே செய்தாள். அதே வேளைக்குக் குளியல், அதே வேளைக்குச் சோறு, தூங்க அதே தாலாட்டு. ஆனால் எதையும் ஏவவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். முதல் நாள் பிள்ளை அசையவில்லை. மறுநாள் ஒரு விரல் சோற்றைத் தொட்டது. மூன்றாம் நாள் பௌர்ணமி. ஐந்து விரலும் சோற்றைப் பிசைந்தன.

"ஐயோ, பட்டுச்சட்டை! கையை எடு!" என்று கத்தினார் ராஜா. பிஞ்சுக் கை பாதியில் நின்றுவிட்டது.

வந்ததே கோபம் ராணிக்கு! "பிள்ளை பெரிசா, பட்டு பெரிசா? இன்னொரு வார்த்தை பேசினா, இந்தத் தண்டையை உங்க காலில் மாட்டிடுவேன்!"

பொன்மலர் அம்மாவின் சிவந்த முகத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். உதடு துடித்தது.

"மாத்... மாத்... மாத்தேன்!"

கை சோற்றுக்குள் படாரென்று விழுந்தது. அதே எச்சில் கையால் தண்டையைப் பிடுங்கி வீசினாள். அது ராஜாவின் கிரீடத்தில் ணங்கென்று பட்டு நொறுங்கியது. குகையில் குடுவை வெடித்தது. கரிவாணன் பல் போன கிழவனாகிக் காட்டுக்குள் ஓடினான்.

"ம்மா!" என்று தத்தித் தத்தி ஓடிவந்த பொன்மலர் தொப்பென்று விழுந்தாள். யாரும் திட்டவில்லை. தானே எழுந்தாள். ராணி மறுபடி மாட்டிவிட்ட, பரல் போட்ட பழைய தண்டை அரண்மனை முழுக்கக் கலகலத்தது. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு மீசையை நீட்டினார்: "இந்தா கண்ணு, இங்கேயும் ஒரு வாய் எறி!"

பொன்மலர் குறி தவறாமல் எறிந்தாள். அவளைக் காத்த மாரித்தாய், வீட்டுக்கு வீடு சோறு இறைக்கும் எல்லாப் பிள்ளைகளையும் காக்கட்டும்.