கயிறு பிடித்தவன் நெஞ்சு

அந்தக் காலத்தில் மீனும் பேசும், கடல் பசுவான ஆவுளியாவும் பேசும், மனிதனுடைய நெஞ்சும் பேசும். வாய் திறக்கக்கூட வேண்டியதில்லை, நினைத்தாலே கேட்டுவிடும். ஆனால் நெஞ்சுக்குத் தெரிந்த தாளம் ஒன்றே ஒன்றுதான். தூங்கினாலும் ஓடினாலும், எதிரில் புலியே வந்து நின்றாலும் அதே அடி.

முத்துக் குளிக்கிறவர்களுக்கு அது வசதியாக இருந்தது. குளியாள் கடலுக்குள் இறங்கியதும், வள்ளத்தில் கயிறு பிடித்திருப்பவன் தன் நெஞ்சில் கை வைத்து எண்ணுவான். எண்பது அடித்தால் கீழே மூச்சு முடிந்தது என்று அர்த்தம். உடனே இழுத்துவிடுவான். அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியோடு பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். மற்றவன் கைக்கு அது வெறும் கயிறு, மச்சான் கைக்கு அது கூடப்பிறந்தவளின் தாலி.

மாசானம் இறங்கிய அன்று கயிறு பிடித்தவன் அவன் மச்சான் கொம்பையா. எண்பது வந்ததும் இழுத்தான். கயிறு வரவில்லை. கீழே அது பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து இழுக்க இழுக்க மாசானத்தின் இடுப்பில் இறுகியது.

பக்கத்தில் கடற்புல் மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆவுளியா இதைப் பார்த்தது. அதுவும் மேலே போய் மூச்சு வாங்குகிற பிராணிதான்.

“ஏன் இந்த அடி அடிக்கே? தண்ணிக்குள்ள வந்தா அடங்க வேண்டாமா?” என்று மாசானத்தின் நெஞ்சைக் கேட்டது.

“நான் கூட்டுக்குள்ள இருட்டுல கெடக்கேன். இவன் கரையில இருக்கானா கடல்ல இருக்கானான்னு எனக்கு யாரு சொல்லுதா?” என்றது நெஞ்சு.

“மூஞ்சி சொல்லும். மூஞ்சியில குளுந்த தண்ணி பட்டா மெதுவா அடி. இருக்க மூச்சு இன்னும் கொஞ்ச நேரம் வரும்.”

“நான் அடிக்காம விட்டத யாரு அடிப்பா?”

மாசானம் யோசிக்கவே இல்லை. “மேல எங்க மச்சான் இருக்காரு. அவரு அடிச்சுக்கிடுவாரு” என்றான். கேட்காமல் எடுத்துக்கொள்ளத்தானே மச்சான்! நெஞ்சு மெதுவானது. அவன் கயிறு மாட்டிய இடத்தைத் தடவித் தேடினான்.

மேலே கொம்பையாவின் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. பிறந்தது முதல் அப்படி அடித்ததில்லை. எண்ணிக்கை நூறு, இருநூறு என்று ஓடியது.

“எண்பதுக்கு மேல ஆளு ஏதுலே? கயித்த அறுத்து விடு, காத்து மாறுது” என்று வள்ளத்தை ஓட்டும் தண்டல் கத்தியை நீட்டினார்.

“எந்தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்ல?” என்று அழுதான் கொம்பையா. கத்தியை வாங்கிக் கடலில் எறிந்தான். நெஞ்சு அடித்த அடியில் அவன் கை நடுங்கியது. நடுக்கத்தில் விறைத்திருந்த கயிறு தளர்ந்தது. அந்தத் தளர்ச்சியில்தான் கீழே கயிறு பாறையை விட்டு வந்தது.

முந்நூறை எண்ணும்போது கீழிருந்து யாரோ கயிற்றைச் சுண்டினார்கள்.

இழுத்துப் போட்டதும் மாசானம் மூச்சு வாங்கிக்கொண்டே, “என்ன மச்சான், இப்படி நடுங்குதீரு?” என்று கேட்டான். கொம்பையா அவனை ஓங்கி ஓர் அறை விட்டான். பிறகு கட்டிக்கொண்டான்.

அதற்குப் பின் நெஞ்சை நம்பி யாரும் எண்ணுவதில்லை. முகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் நெஞ்சு தானாக மெதுவாகிவிடுகிறது. அன்று முதல்தான், நமக்கு வேண்டிய ஒருவர் ஆபத்தில் இருந்தால், பத்திரமாக உட்கார்ந்திருக்கிற நம்முடைய நெஞ்சு அவருக்கும் சேர்த்து அடித்துக்கொள்கிறது.