முதலை சொல்லாத கதைக்கு முதல் பரிசு

ஆவாரங்காட்டுக் குளத்தங்கரையில் ஒரு கொக்கும், ஓர் எருமையும், ஓர் ஆமையும் கதைப் போட்டிக்கு நடுவர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

கொக்கின் பெயர் நெட்டையப்பன். எருமையின் பெயர் மூக்காயி. ஆமையின் பெயர் அம்பலம். மூன்று பேரும் பிறந்ததிலிருந்து ஒரு கதைகூடச் சொன்னதில்லை. அதனாலேயே நடுவர் வேலைக்குப் பொருத்தம் என்று மற்றவர்கள் பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

போட்டி சும்மா ஒரு சந்தோஷத்துக்குத்தான். ஆனாலும் பரிசு உண்டு. குளத்தின் நடுவே ஒரு பாறை இருக்கிறது. ஜெயித்தவர் மழைக்காலம் வரும்வரை அதை வைத்துக்கொள்ளலாம். வேறு யாரும் அதன்மேல் கால் வைக்கக் கூடாது. வால்கூட வைக்கக் கூடாது.

பாவாயி என்ற தவளைக்கு அந்தப் பாறை வேண்டும். உட்கார்ந்து பெருமை அடிக்க அல்ல. பாறையின் இடுக்கில் ஒரு குழி உண்டு. அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும், மீன் நுழைய முடியாது. பாவாயியின் தலைப்பிரட்டைகள் இப்போதுதான் வாலாட்டப் பழகியிருந்தன. கோடையில் குளம் சுருங்கச் சுருங்க, விரால் மீன் வாயைத் திறந்துகொண்டு கிட்டக் கிட்ட வந்தது. கால் முளைக்கும்வரை பிள்ளைகளை அந்தக் குழியில் விட்டுவைத்தால் பிழைத்துக்கொள்ளும். வேறு வழியே இல்லை.

போட்டிக்கு ஒரு வழக்கம் இருந்தது. கதையைச் சொந்த வாயால் சொல்லக் கூடாது. முந்தின நாளே மைனாவின் காதில் சொல்லிவிட வேண்டும். மைனா அதை எல்லோருக்கும் முன்னால் சொல்லும். தீர்ப்பு வரும்வரை அது யார் கதை என்று யாரும் மூச்சு விடக் கூடாது.

"முகத்தைப் பார்த்து மார்க் போடக் கூடாது, பாருங்க!" என்று சொல்லி அம்பலம்தான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது.

அன்று மைனா நாவல் கிளையில் வந்து உட்கார்ந்தது. கூட்டம் அடங்கியது. எதிர்க்கரைச் சேற்றில் முதலை கண்ணை மூடிப் படுத்திருந்தது.

மைனா செருமிக்கொண்டு சொன்னது: "காலையிலேயே வந்துட்டேன். என்ன வெயில்! ரெண்டு அத்திப்பழம் தின்னேன். தொண்டையில என்னவோ அடைக்குது. கொஞ்சம் இருங்க, வர்றேன்."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் பறந்துபோனது.

நடுவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முதல் கதை முடிஞ்சுதா?" என்று கேட்டது மூக்காயி.

"முடிஞ்சுது போல. சின்னக் கதை!" என்றது நெட்டையப்பன்.

"கதை சின்னதா இருக்கட்டும். இது யார் கதை? அதைச் சொல்லு முதல்ல!" என்றது அம்பலம்.

மூன்று தலைகளும் நெருங்கின.

"காலையிலேயே வந்து வெயில்ல கிடக்கிறது யாரு?" என்று குசுகுசுத்தது நெட்டையப்பன்.

மூக்காயி மெல்ல எதிர்க்கரையைப் பார்த்தது. அசைபோட்டுக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. "ஐயையோ! முதலை ஐயாவா?"

"அவரேதான்! தொண்டையில அடைக்குதுன்னா என்ன அர்த்தம்? யாரையோ முழுசா விழுங்கியிருக்கார்!" என்றது நெட்டையப்பன்.

"அத்திப்பழம்னுதானே சொன்னாங்க?"

"நீ ஒண்ணு அக்கா! முதலை எங்கயாவது அத்திப்பழம் திங்குமா? அது வேற எதையோ மறைமுகமாச் சொல்றது. இலக்கியம்!"

அம்பலத்தின் கழுத்து பாதி ஓட்டுக்குள் போய்விட்டது. "கடைசி வரியைக் கவனிச்சீங்களா? 'கொஞ்சம் இருங்க, வர்றேன்.' அது நமக்குச் சொன்னது!"

மூவருக்கும் வியர்த்தது.

மைனா திரும்பி வந்து போட்டியைத் தொடங்கியது. ஒரு முயல் நிலாவைக் கடன் வாங்கிய கதையைச் சொன்னது. காட்டுப்பன்றிக்குக் கிரீடம் வைத்த கதையைச் சொன்னது. நடுவர்கள் எதையும் கேட்கவில்லை. "இது குரங்கு!" "இல்லை, கீரி!" என்று ஆளைத் தேடுவதிலேயே நேரம் போனது.

அடுத்து வந்தது பாவாயியின் கதை. கோரைப்புல்லுக்குள் உட்கார்ந்து அது மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ஒரு நண்டுக்குக் கல்யாணம்," என்று தொடங்கியது மைனா. "மாப்பிள்ளை நண்டு மாலையும் கையுமாகப் பெண் வீட்டுக்குக் கிளம்பியது. ஆனால் அது நேராகவா நடக்கும்? பக்கத்து வீட்டில் போய் நின்றது. அங்கே ஒரு கிழ நண்டு செத்துக் கிடந்தது. 'நல்லவேளை, மாலை கொண்டுவந்தியே!' என்று மாலையைப் பிடுங்கிப் பிணத்துக்குப் போட்டுவிட்டார்கள்!"

கூட்டம் குலுங்கியது. காட்டுப்பன்றி சிரித்துச் சிரித்துச் சேற்றில் உருண்டது.

"மாப்பிள்ளை மறுபடி கிளம்பியது. மறுபடியும் இழவு வீடு! 'பாசக்காரப் பையன், விட்டுப் போக மனசில்லை' என்று நெய்ப்பந்தம் பிடிக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரே ஓட்டம் ஓடியது. எதிலோ டமால் என்று முட்டியது. கண்ணைத் திறந்து பார்த்தால், எதிரே..."

"நிறுத்து! நிறுத்து!" என்று கத்தியது நெட்டையப்பன். "இது நண்டு சொன்ன கதை. சந்தேகமே இல்லை!"

"நண்டு தன்னைத் தானே கேலி பண்ணுமா? இது நண்டுக்கு ஆகாத எவனோ. பங்காளியா இருக்கும்!" என்றது மூக்காயி.

"பங்காளியும் நண்டுதானே அக்கா!"

"அப்புறம் என்ன ஆச்சு? அதைச் சொல்லச் சொல்லுங்க!" என்று கூவியது காட்டுப்பன்றி.

"நாங்க முக்கியமான வேலையில இருக்கோம். சத்தம் போடாதே!" என்று அதட்டியது அம்பலம். "மைனா, கதை போதும். ஆள் யாருன்னு நாங்க கண்டுபிடிச்சுக்கிறோம்."

கோரைப்புல்லுக்குள் பாவாயி துடித்துப்போனது. வாய் திறந்தால் போட்டியிலிருந்தே தள்ளிவிடுவார்கள். பல்லைக் கடிக்கலாம் என்றால் கடிக்கும்படி பல்லும் இல்லை.

சாயங்காலம் நடுவர்கள் தீர்ப்புச் சொல்ல எழுந்தார்கள்.

"முதல் பரிசு, முதலில் வந்த கதைக்கு!" என்றது நெட்டையப்பன். "எவ்வளவு அடக்கம்! எவ்வளவு ஆழம்! 'என்ன வெயில்!' என்ற இரண்டு சொல்லில் உலகமே இருக்கிறது. நான் அழுதுவிட்டேன்."

"நானும்தான்!" என்றது மூக்காயி. "யார் சொன்ன கதைன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஐயா, கூச்சப்படாம வாங்க! பாறை உங்களுக்குத்தான்!"

பாவாயிக்குக் கண் இருட்டியது. பாறை போய்விட்டது. கரையோரத்தில் விரால் ஒரு முறை வாயைத் திறந்து மூடியது.

எதிர்க்கரையில் முதலை ஒரு கண்ணைத் திறந்தது. "யாரைக் கூப்பிடுறீங்க?"

"உங்களைத்தான் ஐயா! உங்க கதைதானே அது!"

"நான் எங்கடா கதை சொன்னேன்? எனக்குக் கதை கேட்கத்தான் தெரியும்."

நடுவர்கள் மூவரும் மைனாவைப் பார்த்தார்கள். "அப்போ அது யாரோட கதை?"

"எது?"

"அதான், வெயில், அத்திப்பழம், தொண்டை அடைப்பு!"

மைனா சிறகால் தலையில் அடித்துக்கொண்டது. "அட கடவுளே! அது கதையா? எனக்குத் தொண்டை அடைச்சுது, தண்ணி குடிக்கப் போனேன்! அதுக்கா முதல் பரிசு?"

குளமே சிரித்தது. அம்பலம் முழுவதும் ஓட்டுக்குள் போய்விட்டது. நெட்டையப்பன் ஒரு காலை மடக்கி, எதையோ யோசிப்பது போல வானத்தைப் பார்த்தது.

"சிரிப்பெல்லாம் இருக்கட்டும்," என்று தண்ணீரில் இறங்கி வந்தது முதலை. "அந்த நண்டு கதை என்ன ஆச்சு? எதிரே யார் நின்னாங்க? மத்தியானத்திலிருந்து எனக்குத் தூக்கமே வரலை!"

"பாதியில நிறுத்திட்டாங்க ஐயா. அதுல மீதியை மறந்துட்டேன்," என்றது மைனா.

"சொன்னவங்க இங்கதானே இருப்பாங்க? வரச் சொல்லு!"

யாரும் அசையவில்லை. முதலையின் வாய்க்கு எதிரே போய் நிற்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்? பாவாயி தன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தது. ஒரே தாவலில் முதலையின் மூக்குக்கு நேரே வந்து விழுந்தது.

"நான்தான் ஐயா. எதிரே நின்னது பெண் நண்டு."

"பெண்ணா? அது எப்படி அங்க வந்துச்சு?"

"மாப்பிள்ளையைக் காணோமேன்னு அதுவும் தேடிக் கிளம்பிச்சு. அதுவும் நண்டுதானே ஐயா, நேராவா போகும்? அதுவும் அதே இழவு வீட்டுக்கு வந்துட்டுது! ரெண்டும் முட்டிக்கிட்டு நின்னுச்சுங்க. பந்தல் இருக்கு, மேளம் இருக்கு, கூட்டமும் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்னு அங்கேயே தாலியைக் கட்டிட்டாங்க. கெட்டிமேளச் சத்தத்துல பிணம் எழுந்து உட்கார்ந்து, 'பந்தி எப்போ போடுவீங்க?'ன்னு கேட்டுச்சு!"

முதலை சிரித்த சிரிப்பில் குளத்துத் தண்ணீர் கரை மேல் ஏறி, மூக்காயியின் வயிறுவரை நனைத்தது. விராலும் சிரிக்கப்போய் வாயில் சேறு புகுந்து திணறியது.

"பாறை பாவாயிக்கு!" என்று கத்தியது காட்டுப்பன்றி. "பாவாயிக்கு! பாவாயிக்கு!" என்று கூட்டம் முழுவதும் கத்தியது.

பொழுது சாய்வதற்குள் பாவாயி தன் பிள்ளைகளை முதுகில் ஏற்றி ஏற்றிப் பாறைக்குழியில் கொண்டுபோய் விட்டது. விரால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

நடுவர்கள் மூவரும் ஈரத்தோடு பாறைக்குக் கிட்டே வந்தார்கள்.

"நல்ல கதை பாவாயி," என்றது நெட்டையப்பன். "நான் அப்பவே நினைச்சேன். அது கிடக்கட்டும். அந்தக் கிழ நண்டு யாரு? எங்க மூணு பேர்ல யாரையோ மனசுல வச்சுத்தானே சொன்னே?"

"என்னைத்தான்! தொப்பை இருக்குன்னு சொன்னா பாரு!" என்றது மூக்காயி.

"தொப்பைன்னு நான் சொல்லவே இல்லையே அக்கா!" என்றது பாவாயி.

"பார்த்தியா, மறைக்கிறா! அப்போ அது நானேதான்!" என்று ஓட்டுக்குள்ளிருந்து அம்பலத்தின் குரல் மட்டும் வந்தது.

சொன்னது யார் என்று தேடிக்கொண்டே இருப்பவருக்கு, சொன்னது என்ன என்று கடைசிவரை தெரியாமலே போகும்.