ஆளில்லாமல் வந்த படகு

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. பதிலுக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே, வர்ணனைதானே என்று எதையும் தாண்டிப் போகவேண்டாம். இதில் சும்மா வர்ணித்த இடம் ஒன்றும் இல்லை.

ஏழு தீவுகள் சேர்ந்து ஒரு கூட்டு அமைத்திருந்தன. அவற்றில் ஆகச் சிறியது கோரைத்திட்டு. எந்தத் தீவுக்காரர் எதுவரை மீன் பிடிக்கலாம் என்பதைக் கூட்டின் சபைதான் தீர்மானிக்கும். நம் கடலில் யாரோ வந்து கோடு கிழிப்பதா என்று கோரைத்திட்டில் வெகுகாலப் புகைச்சல். உடன்படிக்கையில் விலகவும் வழி இருந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஆவணி முடிவதற்குள், ஊர் கூடி முடிவெடுத்தால் விலகலாம். அதைத் தவறவிட்டால் இன்னொரு பன்னிரண்டு ஆண்டு.

ஊர் கூடுவதற்கு ஒரு முறை உண்டு. கரையோரத்து மணிக்கம்பத்தில் வடக்கயிற்றைக் கட்டி நீட்டுவார்கள். வேண்டும் என்பவர் கயிற்றுக்கு மேற்கே மணலில் நிற்பார். வேண்டாம் என்பவர் கிழக்கே. தலைகளை எண்ணுவார்கள். கயிற்றைச் சுருட்டும்வரை வந்து நிற்கிறவர் கணக்கில் சேருவார். சமமாக வந்தால் இருந்தபடியே இருக்கும். மணியை எப்போது அடிப்பது என்பது மணிக்காரனின் உரிமை.

அந்தப் பன்னிரண்டாம் ஆண்டு வந்தபோது, ஆவணியோடு கொள்ளைக்காய்ச்சலும் வந்தது. எங்கும் கூட்டம் கூடக்கூடாது என்று கூட்டின் உத்தரவு. மருந்துப் படகையும் கூட்டுதான் அனுப்பியது. கூட்டின் கொடி பறக்கும் கரைகளில் மட்டுமே அது நிற்கும்.

விலகியே ஆகவேண்டும் என்றவர்களுக்குத் தலைவர் படகுப்பாய் வியாபாரி சாத்தப்பன். இப்போது கூடாது என்றவர்களுக்கு ஊர் வைத்தியர் நாகவல்லி. இருவரும் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, தெருவின் இரண்டு முனைகளில் நின்று கத்தினார்கள்.

"கூடாதேங்கிறது யாரு உத்தரவு? கூட்டோட உத்தரவு. விலகிட்டா அது நம்மளக் கட்டாதுல்லா!"

"உத்தரவு கட்டாது அண்ணாச்சி. காய்ச்சல் கட்டுமே?"

"பயங்காட்டியே இன்னும் பன்னிரண்டு வருசத்த ஓட்டிருவிய போல."

"விலகினா மருந்துப் படகு நம்ம கரையத் தொடாது. உங்க பாயக் கரைச்சா குடிக்க?"

மூன்றாவது ஆள் மணிக்காரன் இசக்கிராசன். விலக வேண்டும் என்று சாத்தப்பனைவிட உரக்கப் பேசிவந்தவன். ஆனால் அவன் மனைவி செண்பகம் காய்ச்சலில் விழுந்துவிட்டாள். நாகவல்லி அவன் வேலி வாசலில் வேப்பங்குலை கட்டிவிட்டார். அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே வரக்கூடாது என்று அர்த்தம். தீவிலிருந்த மருந்து தீர்ந்துபோயிருந்தது. அடுத்த படகு வந்தால்தான் செண்பகம் பிழைப்பாள்.

மணிக்கம்பம் நின்றது இசக்கிராசன் வீட்டு முற்றத்தில். அவன் படகு கட்டிக் கிடந்ததும் அதே கம்பத்தில்தான்.

சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தவன் வேலிக்குள்ளிருந்து குரல் கொடுத்தான்: "மணல்லதான் நிக்கணுமா? கடல்ல நில்லுங்களேன். வீட்டுக்கு வீடு படகு இருக்கு. அவங்கவங்க வீட்டாளுகளோட அவங்கவங்க படகுல. யாரு மூச்சு யாரு மேல படப்போகுது?"

இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. சாத்தப்பன் மட்டும் ஒன்று கேட்டார். "ஆடுற படகுல எவன் தலைய எண்ணுவான்? படகுக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிடுவோம்." பெரிய குடும்பங்கள் நாகவல்லியின் பக்கம் என்பது அவருக்குத் தெரியும். நாகவல்லிக்கும் தெரியும். வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

ஆவணியின் கடைசி நாள். காலையிலேயே மணி அடிக்கும் என்று ஊர் காத்திருந்தது. அடிக்கவில்லை. அந்தக் கரையில் உச்சிப்பொழுதுவரை நீரோட்டம் மேற்கே இழுக்கும். உச்சி சாய்ந்தபின் கிழக்கே. உச்சி சாய்ந்தபிறகுதான் மணி அடித்தது. "மண்டை காயுற நேரம் பாத்து அடிக்கான் பாரு" என்று முணுமுணுத்தபடி எல்லாரும் படகேறினார்கள். மிதவை கட்டிய கயிறு கம்பத்திலிருந்து கடலுக்குள் நீண்டது. இருபுறமும் கல்லை இறக்கிப் படகுகளை நிறுத்தினார்கள்.

எண்ணி முடித்தபோது மேற்கே ஒரு படகு கூடுதல். சாத்தப்பன் கட்சி துடுப்பைத் தூக்கிக் கூத்தாடியது. கயிற்றைச் சுருட்டக் கை நீட்டிய அந்த நேரத்தில் இசக்கிராசனின் படகு அசைந்து வந்தது. உள்ளே ஆளில்லை. கயிற்றை உரசாமல், கிழக்கே நின்ற படகுகளுக்கு நடுவில் போய்ச் சேர்ந்தது.

"ஆளில்லாத படகுக்கு என்ன கணக்கு?" என்று சாத்தப்பன் எகிறினார். "அப்படியே சேத்தாலும் அது நம்ம படகு. அவன் விலகணும்னு கத்தினது ஊருக்கே தெரியும்."

"படகுக்கு ஒண்ணுன்னு கேட்டது நீங்கதான் அண்ணாச்சி. படகு எங்க நிக்கோ அங்கதான் கணக்கு" என்றார் நாகவல்லி.

சாத்தப்பன் கரையைப் பார்த்துக் கத்தினார். "ஏலே இசக்கி! நீ அவுத்துவிட்டியா, தானா அவுந்துச்சா?"

"அலை அவுத்திருக்கும் அண்ணாச்சி. வேப்பங்குலை கட்டின வீட்டுக்காரன் நான் எங்க வர?"

நீங்கள் சொல்லுங்கள்: அந்தப் படகு கணக்கில் சேருமா? சேருமென்றால் எந்தப் பக்கம்? மூவரில் யார் சொன்னது சரி?

பதில்: நாகவல்லி சொன்னதே சரி, ஆனால் அவர் சொன்ன காரணம் பாதிதான். படகுக்கு ஒன்று என்று கேட்டு வாங்கிய சாத்தப்பன், அதில் ஆள் இருக்கவேண்டும் என்று கேட்டு வாங்கவில்லை. முன்பு தெருவில் கத்தியதெல்லாம் கணக்கில் சேருமென்றால் கயிறே கட்ட வேண்டியதில்லை. மீதிப் பாதி இது: அலை அவிழ்த்த படகு யாருடைய விருப்பமும் ஆகாது. ஆனால் இதை அலை அவிழ்க்கவில்லை. காலையில் மணி அடித்திருந்தால் அந்தப் படகு மேற்கே போயிருக்கும். அது தெரிந்தவன் உச்சி சாயும்வரை காத்திருந்து அடித்தான். மூவரில் பொய் சொன்னவன் இசக்கிராசன். வாசலைத் தாண்டாமல் முறைப்படி தன் முடிவைச் சொன்னவனும் அவனே. ஆகவே இரு பக்கமும் சமம்; கோரைத்திட்டு இருந்தபடியே இருந்தது.

மருந்து வந்தது. செண்பகம் எழுந்து நடமாடினாள். வேப்பங்குலையை அவிழ்த்த அன்றே இசக்கிராசன் தெருவில் நின்று, இந்தக் கூட்டிலிருந்து விலகாமல் நமக்கு விடிவில்லை என்று முன்னைவிட உரக்கப் பேசினான். செண்பகம் வாசலில் நின்று முழுவதும் கேட்டாள்.

"அடுத்த தடவை காலையிலயே மணியடிங்க, என்ன?" என்றாள்.